ஒரு முகவரி, இரண்டு தலைவர்கள்

‘வாயுள்ள பிள்ளை பிழைக்கும்’ என்பது நம் பெரியோர் வாக்கு. வாய் இருந்தால் மட்டும் போதாது, காதும் இருக்க வேண்டும் என்பதை இவ்வாண்டு நம் துறையின் கணிப்பொறி ஆய்வகத்தில் ஒரு காலைப் பொழுதில் நான் கற்றுக்கொண்டேன். அதைக் கற்றுக் கொடுத்தவை உயிரற்ற இரண்டு பொறிகள். அதற்கு விலையாக ஒரு நல்ல நட்பையே இழந்திருப்பேன். இந்தக் கதையைச் சக மாணவர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் சொல்வதில் எனக்குச் சற்று வெட்கந்தான். ஆயினும் சொல்லாமல் வைத்திருப்பது அதைவிடத் தவறு என்று தோன்றுவதால் எழுதுகிறேன்.

நம் கல்லூரியில் நடந்த அறிவியல் கண்காட்சிக்குச் சுற்று வட்டாரத்து அரசுப் பள்ளிகளிலிருந்து மாணவ மாணவியர் வந்திருந்ததைப் பலரும் பார்த்திருப்பீர்கள். எங்கள் துறையின் பங்காக, ஆய்வகத்தில் இருபது கணிப்பொறிகளில் ஒரு வினாடி வினா நடத்துவதென்று முடிவாயிற்று. ஆளுக்கு இருபது கேள்விகள். “வினாடி வினா மட்டும் போதாது. பெரிய இணையத்தளங்கள் உள்ளே எப்படி இயங்குகின்றன என்பதையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்” என்றார் எங்கள் பேராசிரியர். அந்தப் பொறுப்பை என்னிடமும் என் நண்பனிடமும் ஒப்படைத்தார்.

நானும் அவனும் முதலாண்டு முதல் ஒரே பேருந்தில் வருகிறவர்கள். நான் ஏறி மூன்றாவது நிறுத்தத்தில் அவன் ஏறுவான். அதுவரை அவனுக்காக என் பக்கத்து இருக்கையில் பையை வைத்து இடம் பிடித்திருப்பேன். எங்கள் நட்பைப் பற்றி இவ்வளவு சொன்னால் போதும்.

லோடு பேலன்சர் என்ற ஒன்றைச் செய்யப் போகிறோம் என்று வீட்டில் சொன்னேன். என் தந்தையார் வெங்காய மண்டியில் மூட்டை தூக்குபவர். லோடு என்ற சொல் அவருக்குப் புரிந்தது. “லோடு ஏத்துற மெஷினாப்பா?” என்று கேட்டார்.

“இல்லப்பா. லாரி வந்து நின்னா உங்க மேஸ்திரி என்ன செய்வாரு?”

“எவன் கை காலியா இருக்கோ அவனைக் கூப்பிட்டு மூட்டையை ஏத்தி விடுவாரு. ஒருத்தன் முடியலேன்னு உட்கார்ந்துட்டா, அவனை விட்டுட்டு அடுத்தவனைக் கூப்பிடுவாரு.”

“அந்த மேஸ்திரிதான் லோடு பேலன்சர். ஒரே நேரத்துல ஆயிரம் பேரு ஒரு தளத்துக்கு வந்தா, உள்ள இருக்கிற சர்வருங்களுக்கு வேலையைப் பிரிச்சுக் கொடுக்கும். ஒரு சர்வர் படுத்துட்டா, அதுக்கு ஆள் அனுப்பாது.”

தந்தையார் சிறிது யோசித்தார். “சரி, மேஸ்திரியே வரலேன்னா?” என்றார்.

பாடப் புத்தகத்தில் ஒரு முழு அதிகாரம் இந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது. என் தந்தையார் பள்ளிக்குப் போனது ஐந்தாம் வகுப்பு வரை. அன்று அவரை நான் வியந்து பார்த்தேன்.

மேஸ்திரி வராவிட்டால் என்ன செய்வது என்பதற்காகவே நாங்கள் இரண்டு லோடு பேலன்சர்கள் வைத்தோம். ஆய்வகத்தில் இருந்த 8 ஜி.பி. நினைவகம் கொண்ட இரண்டு பழைய கணிப்பொறிகளை எடுத்துக்கொண்டோம். ஒவ்வொன்றிலும் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளைக் கொண்டு மூன்று மூன்று மெய்நிகர் கணிப்பொறிகளை உண்டாக்கினோம். ஒரே வீட்டுக்குள் மூன்று குடித்தனம் போல, ஒரே இரும்புப் பெட்டிக்குள் மூன்று கணிப்பொறிகள். ஒவ்வொன்றும் தனக்கென்று தனி நினைவகம், தனி வலைப்பின்னல் அட்டை இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும். இந்த உத்தி புதிதன்று. 1960-களிலேயே ஐ.பி.எம். நிறுவனத்தார் தம் பெரிய கணிப்பொறிகளில் செய்து காட்டியதுதான். இன்று உலகின் பெரும் இணையத்தளங்கள் பலவும் இந்தக் குடித்தன முறையில்தான் நடக்கின்றன.

ஆறு மெய்நிகர் பொறிகளில் மூன்று, கேள்விகளைக் காட்டும் சர்வர்கள். ஒன்று, கேள்விகளையும் மதிப்பெண்களையும் வைத்திருக்கும் தரவுத்தளம். மற்ற இரண்டும் லோடு பேலன்சர்கள். வேலையைப் பிரித்துக் கொடுக்க எச்.ஏ.பிராக்ஸி என்ற இலவச மென்பொருளை நிறுவினோம். இதை 2000-ஆம் ஆண்டில் எழுதியவர் வில்லி டாரோ என்பவர். முதல் லோடு பேலன்சர் நண்பனின் பொறுப்பு, இரண்டாவது என் பொறுப்பு. இவற்றை முதலாமவன், இரண்டாமவன் என்றே அழைத்து வந்தோம்.

மாணவர்கள் தட்டச்சுச் செய்யும் முகவரி ஒன்றுதான். 192.168.10.100 என்ற அந்த எண் முதலாமவனுக்கும் சொந்தமில்லை, இரண்டாமவனுக்கும் சொந்தமில்லை. பதவி நாற்காலி போன்றது அது. யார் தலைவனோ அவன் அதில் உட்காருவான். தலைவனைத் தீர்மானிக்க 1998-இல் வகுக்கப்பட்ட வி.ஆர்.ஆர்.பி. என்ற நெறிமுறை இருக்கிறது. அந்த நெறிமுறையின்படி நடக்கும் கீப்அலைவ்டி என்ற மென்பொருளை இரண்டிலும் நிறுவினோம்.

அது வேலை செய்யும் விதம் மிக எளிமையானது. தலைவனாக இருப்பவன் நொடிக்கு ஒரு முறை, “நான் இருக்கிறேன், என் தகுதி எண் 150” என்று குரல் கொடுத்துக்கொண்டே இருப்பான். அந்தக் குரல் 224.0.0.18 என்ற பொது முகவரிக்குப் போகும். துணைவன் தன் வாயைத் திறக்கவே மாட்டான். கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பான். மூன்று நொடிகளுக்கு மேல் குரல் கேட்கவில்லையென்றால், “தலைவன் இறந்துவிட்டான்” என்று முடிவு செய்து நாற்காலியில் தான் ஏறிவிடுவான். தகுதி எண் 100 என்று நாங்கள் வைத்திருந்த கணக்குப்படி, அவன் பொறுத்திருக்கும் காலம் ஏறத்தாழ 3.6 நொடி.

இதைச் செய்து முடித்துச் சோதித்துப் பார்த்தோம். நண்பன் முதலாமவனை நிறுத்தினான். நான் மனத்துக்குள் எண்ணினேன். நான்கு எண்ணுவதற்குள் இரண்டாமவன் தலைவனாகிவிட்டான். முதலாமவனை மறுபடி எழுப்பியதும் இரண்டாமவன் மரியாதையாக எழுந்து இடம் விட்டான். பேராசிரியர் எங்கள் இருவர் முதுகிலும் தட்டிக் கொடுத்தார்.

வினை அதன் பிறகு வந்தது. கண்காட்சியில் தொங்கவிடும் விளக்கப் படத்தை நண்பன் வீட்டில் எழுதிக் கொண்டு வந்தான். அழகாகவே எழுதியிருந்தான். கீழே ‘அமைத்தோர்’ என்று போட்டு, முதலில் தன் பெயரையும் இரண்டாவதாக என் பெயரையும் எழுதியிருந்தான். இதற்கு ஒருவன் கோபித்துக் கொள்வானா என்று நீங்கள் கேட்கலாம். நான் கோபித்துக் கொண்டேன். எங்கள் குடும்பத்தில் முதன் முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். என் பெயர் எழுத்தில் வருவது எனக்கு அவ்வளவு பெரிய காரியமாக இருந்தது. அவன் குடும்பத்திலும் அவன்தான் முதல் பட்டதாரியாகப் போகிறவன் என்பதை அந்த நேரத்தில் வசதியாக மறந்துவிட்டேன். அகர வரிசையில் எழுதியதாக அவன் சொன்னான். நான் பதில் பேசவில்லை. மறுநாள் பேருந்தில் பையை மடியில் வைத்துக்கொண்டேன். அவன் ஏறி, பார்த்து, பின்னால் போய் நின்றுகொண்டான். நான்கு நாட்கள் இப்படியே ஓடின.

கண்காட்சிக்கு முதல் நாள் மாலை. அவன் ஊருக்குப் போகும் பேருந்து 4-10 மணிக்கு. அவன் போய்விட்டான். நான் மட்டும் இருந்தேன். ‘எந்த சர்வரையும் பயர்வால் இல்லாமல் வெளியே நிறுத்தாதீர்கள்’ என்று பேராசிரியர் வகுப்பில் பலமுறை சொன்னது நினைவுக்கு வந்தது. பயர்வால் என்பது காவற்காரன். அனுமதித்ததை மட்டும் உள்ளே விடும், மற்றதையெல்லாம் ஓசையின்றித் தள்ளிவிடும். இரண்டாமவனில் அதை இயக்கினேன். இணையப் பக்கத்துக்கு 80-ஆம் வாயில், நாங்கள் உள்ளே நுழைந்து வேலை பார்க்க 22-ஆம் வாயில், ஆக இரண்டை மட்டும் திறந்து வைத்தேன். பக்கம் திறக்கிறதா என்று ஒரே ஒரு கணிப்பொறியில் பார்த்தேன். திறந்தது. ஒரு நல்ல காரியம் செய்த மன நிறைவோடு வீட்டுக்குப் போனேன். நண்பனிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பேசினால் நான் முதலில் இறங்கி வந்ததாக ஆகிவிடுமே என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை 10 மணிக்கு முதல் பள்ளியின் பிள்ளைகள் வந்தார்கள். இருபது கணிப்பொறிகளிலும் இருபது பேர். முதல் ஐந்து நிமிடம் எல்லாம் நன்றாகவே நடந்தது. பிறகு ஓர் ஓரத்திலிருந்து, “அண்ணா, இது மறுபடியும் பேரு கேக்குது” என்று ஒரு குரல். அடுத்த வரிசையிலிருந்து இன்னொன்று. சிலருக்குப் பக்கம் பாதியில் அறுந்து நின்றது. சிலர் பத்தாம் கேள்வியிலிருந்து தொடக்கப் பக்கத்துக்குத் தள்ளப்பட்டார்கள். சிலருக்கு எந்தத் தொல்லையும் இல்லை. அதுதான் எங்களை மிகவும் குழப்பியது.

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி. பதினேழு கேள்விகள் முடித்திருந்தாள். அவள் திரையும் தொடக்கத்துக்குப் போய்விட்டது. இரண்டு கைகளையும் விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மெதுவாக என்னைப் பார்த்து, “அண்ணா, நான் எதையோ தப்பா அமுக்கிட்டேனா?” என்று கேட்டாள்.

“இல்லம்மா, இரு” என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

துறைத் தலைவர் வந்து நின்றார். என்ன ஆயிற்று என்று கேட்டார். பள்ளி ஆசிரியர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “தலைமைப் பொறி அவனுடையது சார். நேற்று எதையோ மாற்றியிருப்பான் போலிருக்கிறது” என்று நண்பனைக் கை காட்டினேன். ஒரு சோதனையும் செய்யாமல், ஒரு சான்றும் இல்லாமல் சொன்னேன். அவன் முகம் வெளுத்தது. மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறகுதான் சோதனைகள் தொடங்கின. பொது முகவரியைப் பிங் செய்தேன். உடனுக்குடன் பதில் வந்தது. மூன்று சர்வர்களையும் தனித்தனியே திறந்து பார்த்தேன். மூன்றும் நலம். எச்.ஏ.பிராக்ஸியின் நிலைப் பக்கத்தில் எல்லாம் பச்சையாக இருந்தன. கம்பிகளைக் கழற்றி மாட்டினேன். பயனில்லை. யாரைக் கேட்டாலும் நலம் என்கிறார்கள், ஆனால் வீடு நலமாக இல்லை. இப்படிப்பட்ட கோளாறுதான் மிகவும் கடினமானது.

எங்கள் ஆய்வக உதவியாளர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். “தம்பி, நாலு நாளா பார்க்கிறேன். ரெண்டு பேரும் ரெண்டு மூலையில உட்கார்ந்து வேலை செய்யிறீங்க. ஒரே திரை முன்னால உட்காருங்க, பாதிக் கோளாறு தீர்ந்துடும்” என்று எங்கள் இருவர் தோளையும் பிடித்து உட்கார வைத்தார்.

பேராசிரியர் வந்தார். “ஊகம் வேண்டாம். தொல்லை உள்ள கணிப்பொறி ஒன்று, தொல்லை இல்லாதது ஒன்று, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கே வேறுபாடு இருக்கிறதோ அங்கேதான் விடை” என்றார்.

ஒரு வலைப்பின்னலில் எண் முகவரி மட்டும் தெரிந்தால் போதாது. அந்த எண்ணுக்கு உரிய வலைப்பின்னல் அட்டை எது என்றும் தெரிய வேண்டும். அதற்காக ஒவ்வொரு கணிப்பொறியும், “இந்த எண்ணுக்கு உரியவர் யார்?” என்று எல்லோருக்கும் கேட்கும்படி விசாரிக்கும். உரியவர் தம் அட்டையின் மேக் முகவரியைச் சொல்வார். கேட்டவர் அதைச் சிறிது நேரம் குறித்து வைத்துக்கொண்டு, பிறகு மறுபடி விசாரிப்பார். 1982-இல் வகுக்கப்பட்ட ஏ.ஆர்.பி. என்னும் முறை இது. அந்தக் குறிப்பை இரண்டு கணிப்பொறிகளிலும் எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் 08-00-27 என்று தொடங்கியது. மற்றதிலும் 08-00-27. “இரண்டும் ஒன்றுதான் சார்” என்றேன்.

நண்பன் முதன் முறையாக வாய் திறந்தான். “கடைசியைப் பாரு. இதுல 31, அதுல 94.”

விர்ச்சுவல்பாக்ஸ் உண்டாக்கும் எல்லா அட்டைகளும் 08-00-27 என்றுதான் தொடங்கும். அது குலப் பெயர் போன்றது. ஆளை அடையாளம் காட்டுவது பின்பாதி. 31 முதலாமவன், 94 இரண்டாமவன். ஒரே நாற்காலியில் இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள்!

அந்த ஒரு வரியில் எல்லாம் விளங்கிவிட்டது. யார் விசாரித்தாலும் இருவருமே “அது நான்தான்” என்று பதில் சொல்லியிருக்கிறார்கள். எந்தப் பதில் நிலைத்ததோ அந்தப் பக்கம் அந்தக் கணிப்பொறி சாய்ந்திருக்கிறது. மறுமுறை விசாரித்தபோது சிலவற்றுக்கு மேஸ்திரி மாறிவிட்டார். எந்தப் பிள்ளையை எந்த சர்வரிடம் அனுப்பினோம் என்ற குறிப்பு ஒவ்வொரு மேஸ்திரியின் நினைவிலும் தனித்தனியே இருந்தது. புதிய மேஸ்திரிக்கு அந்தப் பிள்ளையைத் தெரியாது. வேறொரு சர்வரிடம் அனுப்பினார். அந்த சர்வருக்கும் அவளைத் தெரியாது. “உன் பெயர் என்ன?” என்று முதலிலிருந்து கேட்டது. பிங் மட்டும் ஏன் தவறாமல் வந்தது என்றால், இருவரில் யார் பதில் சொன்னாலும் அது பதில்தானே!

இரண்டாமவனில் கீப்அலைவ்டியை நிறுத்தினோம். பிறகு முதலாமவனில் அதை ஒரு முறை நிறுத்தித் தொடங்கினோம். தொடங்கியவுடன் அது, “இந்த முகவரி இப்போது என்னுடையது” என்று யாரும் கேளாமலே எல்லோருக்கும் அறிவித்தது. இருபது கணிப்பொறிகளும் ஒரே தலைவனிடம் வந்து சேர்ந்தன. வினாடி வினா மறுபடி தொடங்கியபோது மணி 10-55.

நண்பகலில் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். எனக்குச் சாப்பாடு இறங்காது என்று தெரிந்ததால் நான் போகவில்லை. இரண்டாமவன் ஏன் தலைவனானான்? அவனை மறுபடி இயக்கி, டிசிபி-டம்ப் என்ற கருவியால் அவன் அட்டைக்கு என்னென்ன வருகிறது என்று பார்த்தேன். முதலாமவனின் குரல் நொடிக்கு ஒன்றாக, தவறாமல் வந்துகொண்டிருந்தது. 150, 150, 150. கம்பியிலும் குற்றமில்லை, சுவிட்சிலும் குற்றமில்லை, நண்பனின் பொறியிலும் குற்றமில்லை. ஆனாலும் சில நொடிகளில் இரண்டாமவன் தலைவனாகிவிட்டான். குரல் வந்துகொண்டிருக்கும்போதே “இறந்துவிட்டான்” என்று முடிவு செய்கிறவனை என்ன சொல்வது?

நாட்குறிப்பைத் திறந்தேன். கணிப்பொறி தான் செய்வதையெல்லாம் நேரத்தோடு எழுதி வைத்துக்கொள்ளும். தலைவன் நிலைக்குள் நுழைந்ததாக இரண்டாமவன் முதலில் எழுதியிருந்த நேரம், முதல் நாள் மாலை 16:37:12. இன்னொரு குறிப்பில், பயர்வாலை இயக்கக் கட்டளையிட்டவர் பெயரும் நேரமும் இருந்தன. நேரம் 16:37:08. பெயர் என்னுடையது.

இடையில் நான்கு நொடி. அந்த 3.6 நொடிக் கணக்கு என் கண் முன்னால் வந்து நின்றது. நான் திறந்து வைத்த இரண்டு வாயில்களும் டி.சி.பி. என்ற வகைப் போக்குவரத்துக்கானவை. வி.ஆர்.ஆர்.பி. அந்த வகையைச் சேர்ந்ததன்று. அதற்கு 112 என்ற தனி வகை எண் உண்டு. காவற்காரன் அதை அறியான், தள்ளிவிட்டான். அந்த நேரத்தில் என் நண்பன் பேருந்தில் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தான்.

நண்பர்களே, இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் கடினமான பகுதி இதுதான். ஆய்வகத்தில் அப்போது யாரும் இல்லை. அந்தக் குறிப்பை என்னைத் தவிர வேறு யாரும் பார்க்கவில்லை. பயர்வாலில் ஒரே ஒரு வரி சேர்த்தால் கோளாறு நீங்கிவிடும். “சுவிட்சில் ஏதோ தடுமாற்றம் சார், இப்போது சரியாகிவிட்டது” என்று சொல்லிவிடலாம். யாரும் துருவிக் கேட்க மாட்டார்கள். ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பொய் சொல்லக் கூடாது என்ற நீதி வாக்கியம் எதுவும் அப்போது என் நினைவுக்கு வரவில்லை. மடியில் கைகளை வைத்துக்கொண்டு, “நான் எதையோ தப்பா அமுக்கிட்டேனா?” என்று கேட்ட அந்தப் பெண்ணின் முகம்தான் வந்தது. தவறே செய்யாதவள் தன் விரலைச் சந்தேகித்தாள். தவறு செய்த நான் அடுத்தவன் விரலைக் காட்டினேன்.

பேராசிரியரும் நண்பனும் உதவியாளரும் திரும்பி வந்தார்கள். திரையைக் காட்டி, “தவறு என்னுடையது சார்” என்றேன். நடந்ததைச் சொன்னேன். கையில் சோற்றுப் பொட்டலம் ஒன்றை எனக்காக வாங்கி வந்திருந்த நண்பன், அதை மேசை மேல் வைத்துவிட்டு நாட்குறிப்பைப் படித்தான். படித்துவிட்டுச் சிரித்தான்.

“டேய், நானும் முதலாமவன்ல பயர்வால் போட்டிருக்கேன்டா. மூணு நாளாச்சு. உன்கிட்ட சொல்லல.”

எங்களுக்குத் திகைப்பாக இருந்தது. ஒரே நல்ல காரியத்தை இருவரும் தனித்தனியே, ஒருவரிடம் ஒருவர் சொல்லாமல் செய்திருக்கிறோம். அவன் செய்தபோது ஏன் கோளாறு வரவில்லை? பேராசிரியர் விளக்கினார். “தலைவனின் வேலை பேசுவது. அவன் காது அடைத்தாலும் உடனே தெரியாது. துணைவனின் வேலை கேட்பது. அவன் காது அடைத்த நாலு நொடியில் ஊருக்கு இரண்டு தலைவர்கள்.”

“ஆனால் குரல் வந்துகொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்தேனே சார்?” என்று கேட்டேன்.

“நீ பார்த்த கருவி வாசல் திண்ணையில் உட்கார்ந்திருப்பது. பயர்வால் நடையில் நிற்பது. திண்ணைக்கு வந்த ஆளெல்லாம் கூடத்துக்கு வந்துவிட்டதாக நீ எண்ணிக்கொண்டாய்” என்றார். பிறகு பயர்வாலின் கணக்கைப் பார்க்கச் சொன்னார். தள்ளப்பட்டவற்றின் எண்ணிக்கை எங்கள் கண் முன்னாலேயே நொடிக்கு நொடி ஏறிக்கொண்டிருந்தது.

முதலாமவனின் முகவரியிலிருந்து வருவதை அனுமதிக்கும்படி இரண்டாமவனில் ஒரு வரியும், அவ்வாறே முதலாமவனில் ஒரு வரியும் சேர்த்தோம். அடுத்த நொடியே இரண்டாமவன் பதவி விலகினான். மறுபடி ஒரு முறை முதலாமவனை நிறுத்திப் பார்த்தோம். நான்கு எண்ணுவதற்குள் இரண்டாமவன் ஏறினான். எழுப்பினோம், இறங்கினான்.

“இது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று” என்று பேராசிரியர் ஒரு செய்தி சொன்னார். உலகெங்கும் நிரலர்கள் தம் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் என்ற தளத்தில் 2018 அக்டோபர் 21 அன்று, பழுதான ஒரு கருவியை மாற்றும்போது அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அவர்களுடைய வலைப்பின்னல் 43 நொடி துண்டித்துப் போயிற்று. அந்த 43 நொடியில், கிழக்கே இருந்த தலைமைத் தரவுத்தளம் இல்லையென்று தானியங்கி முறை முடிவு செய்து, மேற்குக் கரையில் இருந்ததைத் தலைமைக்கு உயர்த்திவிட்டது. கிழக்கும் சாகவில்லை. இரண்டு கரைகளிலும் மற்றதில் இல்லாத பதிவுகள் இருந்தன. அவற்றைச் சீர் செய்து தளம் பழைய நிலைக்குத் திரும்ப 24 மணி 11 நிமிடம் ஆயிற்று. நடந்ததை அவர்களே விரிவாக எழுதி வெளியிட்டார்கள் என்று சொல்லி, பேராசிரியர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கண்டிப்பும் இருந்தது, ஆறுதலும் இருந்தது.

“இருவர் மட்டும் இருக்கும் இடத்தில், மற்றவன் செத்தானா அல்லது நடுவில் வழி அடைத்ததா என்று ஒருவனால் உறுதியாகச் சொல்லவே முடியாது. அதனால்தான் பெரிய அமைப்புகளில் மூன்று பேரையோ ஐந்து பேரையோ வைத்து, பெரும்பான்மையைக் கேட்டு முடிவு செய்கிறார்கள்” என்றும் சொன்னார். எங்களுக்கு அன்று மூன்றாமவராக வாய்த்தவர் ஆய்வக உதவியாளர்.

பிற்பகல் புறப்படுவதற்கு முன்பு அந்த எட்டாம் வகுப்பு மாணவியைத் தேடிப் போனேன். “தப்பு உன்னுடையது இல்லம்மா, நான்தான் ஒண்ணைத் தப்பா செஞ்சுட்டேன்” என்றேன். அவள் நம்பாதவள் போல என்னையும் கணிப்பொறியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, “அப்போ மிச்சம் மூணு கேள்வியையும் போடட்டுமா அண்ணா?” என்றாள். இருபதையும் முடித்துவிட்டுத்தான் பள்ளிப் பேருந்தில் ஏறினாள். அவள் ஆசிரியை வாசலில் நின்று அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

துறைத் தலைவரிடமும் நண்பனை அழைத்துக்கொண்டு போய், காலையில் நான் சொன்னது தவறு என்று சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆய்வகத்தில் ஒரு குறிப்பேடு வைக்கச் சொன்னார். யார், எந்த நேரத்தில், எந்தப் பொறியில், என்ன மாற்றினார் என்று அதில் எழுத வேண்டும். கதவுக்குப் பக்கத்தில் கயிற்றில் தொங்கும் அந்த நீல அட்டைக் குறிப்பேட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் முதல் பக்கத்து முதல் வரி என் கையெழுத்து.

அன்றிரவு தந்தையாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துண்டால் முதுகைத் துடைத்துக்கொண்டே கேட்டார். “கிடங்குக்குள்ள மூட்டையோட போனவன் ரொம்ப நேரமா வெளிய வரலேன்னா, கூப்பிட்டுப் பார்ப்போம். குரல் வரலேன்னா, அவன் ஓடிட்டான்னு சொல்ல மாட்டோம்டா. உள்ள போய்ப் பார்ப்போம்” என்றார்.

ஒருவரிடமிருந்து குரல் வரவில்லையென்றால் அவர் நமக்கு இல்லை என்று எவ்வளவு விரைவில் முடிவு கட்டிவிடுகிறோம்! அவர் பேசிக்கொண்டுதான் இருக்கிறாரோ, நம் வாசலில் நாமே நிறுத்தி வைத்த காவற்காரன்தான் அந்தக் குரலைத் தள்ளிவிடுகிறானோ என்று ஒரு முறை பார்த்துவிட்டால் எத்தனையோ துன்பங்கள் குறையும். பொறிக்கு அது ஒரு வரியில் முடிகிற காரியம். எனக்கு நான்கு நாட்கள் ஆயின.

மறுநாள் காலைப் பேருந்தில் பக்கத்து இருக்கையில் பையை வைத்தேன். மூன்றாவது நிறுத்தத்தில் அவன் ஏறினான். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.